பரணிலிருந்து இறங்கிய ஃபோர்க்

பழைய சாமான்களைப் பழுது பார்ப்பது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதிலிருந்து என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் பொருட்களுக்குக் குறைவில்லை. ஓடாத சுவர்க் கடிகாரம், பாடாத வால்வு ரேடியோ, நூலை அறுக்கும் தையல் மெஷின். சென்ற மாதம் வந்தது ஒரு சைக்கிள். கொண்டுவந்தவர் புனேயில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்காரர். கிர்க்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கும்பகோணத்துக்காரர். அவருக்குப் பின்னால் ஹாண்டில் பாரைப் பிடித்தபடி 15 வயதுப் பேரன்.

“சார், இதை இவன் ஓட்டலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார் பெரியவர். பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

சைக்கிளுக்கு ஒரு கதை உண்டு. பெரியவரின் மகன் 1990-களின் நடுவில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் படித்தவர். அங்கே மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக வாங்கிய ‘மவுன்டன் பைக்’ இது. ஊர் திரும்பும்போது கழற்றி அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தார். பிறகு வேலை, கல்யாணம், மறுபடியும் அமெரிக்கா. சைக்கிள் 20 ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தது. இப்போது மகள் வயிற்றுப் பேரன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். சின்ஹகட் மலையடிவாரத்து மண் சரிவுகளில் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் இறங்குகிறார்கள். இவனும் போக வேண்டும். மாமாவிடம் தொலைபேசியில் கேட்டானாம். “அது முதல் தரமான ஃபோர்க்குடா. அதுக்காக ஒரு கோடை முழுக்க ஓட்டலில் தட்டு கழுவினேன்” என்று பதில் வந்திருக்கிறது. என்ன ஃபோர்க், எந்த வருஷம் என்பது அவருக்கும் நினைவில்லை. ஸ்டிக்கர்கள் எப்போதோ உரிந்துவிட்டன.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். சாதாரண சைக்கிளில் அது வளைந்த இரும்புக் குழாய். இந்த சைக்கிளில் மோட்டார் சைக்கிளைப் போல ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்கி ஏறும் ஷாக் அப்சார்பர் வகை. ஏற்கெனவே நகரின் பெரிய கடை ஒன்றில் ‘ஃபோர்க் சர்வீஸ்’ என்று 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சக்கரத்தின் அச்சருகே எண்ணெய் சொட்டுகிறது. முன்பக்கத்தை அழுத்தினால் ‘டொக்’ என்று அடிவாங்குகிறது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க் என்று நினைத்து மேலே திறந்து எண்ணெய் ஊற்றி மூடியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. நாட்டு வைத்தியரும் கூட நாடி பார்த்துவிட்டுத்தான் லேகியம் கொடுப்பார்.

சைக்கிளில் மற்ற எந்தப் பகுதி பழுதானாலும் சமாளித்துவிடலாம். செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு வரலாம். பின் பிரேக் போனால் முன் பிரேக் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது ஃபோர்க் ஒடிந்தால் ஓட்டுகிறவன் முகம்தான் முதலில் தரையைத் தொடும். பெரியவரின் கேள்விக்கு அவசரப்பட்டு ‘ஆகா, பேஷாக’ என்று சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம்.

மலையிறங்கிய கதை

இந்தப் பொருளை அடையாளம் காண அது பிறந்த கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி. அங்கே சில இளைஞர்கள் 1930, 40-களின் தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து மலைச் சரிவுகளில் விழுந்தடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1976 அக்டோபர் 21-ல் அதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். ஒரு தடவை மலையிறங்கினால் சக்கரத்தின் நடுவிலுள்ள கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் ‘மீண்டும் அடைத்தல்’ என்ற பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிச்சி என்று பின்னாளில் சைக்கிள் உலகில் பெரிய பெயர்களானவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1981-ல் ‘ஸ்பெஷலைஸ்டு’ நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வந்ததும் மவுன்டன் பைக் கடைச் சரக்காகியது.

அதுவரை அதிர்ச்சி முழுவதையும் ஓட்டுகிறவரின் மணிக்கட்டுதான் தாங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. எண்ணெயால் அதிர்வை அடக்கும் குழாய் ஃபோர்க்கை 1935-லேயே ‘பிஎம்டபிள்யூ’ தன் வண்டிகளில் வைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் உலகிலிருந்து வந்த பால் டர்னர் என்பவர் அதே தத்துவத்தைச் சைக்கிளுக்கு ஏற்ற எடையில் செய்து ‘ராக்‌ஷாக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1989-ல் ‘ஆர்எஸ்-1’ வந்தது. குழாய் இறங்கி ஏறும் தூரம் சுமார் 2 அங்குலம். ‘கால் இருக்கும்போது கட்டை எதற்கு?’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1990-ல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் உலக மவுன்டன் பைக் சாம்பியன் போட்டி நடந்தபோது, மலையிறங்கும் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் இந்த ஃபோர்க்கோடு ஜெயித்தார். கேலி குறைந்தது. மலைக்கே சம்பந்தமில்லாத பாரிஸ்–ரூபே சாலைப் பந்தயத்தில் கூட, அதன் கரடுமுரடான கல் பாவிய பாதைகளுக்காக ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் பூட்டிக்கொண்டு கில்பர்ட் டுக்லோ-லசால் 1992, 93 இரண்டு ஆண்டும் ஜெயித்தார்.

அதே சமயத்தில் கொலராடோவில் டக் பிராட்பரி என்பவர் வேறு வழியில் யோசித்தார். காற்றும் எண்ணெயும் எதற்கு, குழாய்க்குள் யூரித்தேன் ரப்பர் துண்டுகளை அடுக்கினால் போதாதா? அவருடைய ‘மனிட்டோ’ ஃபோர்க் அப்படி வந்தது. எண்ணெய் இல்லையென்றால் ஒழுக்கும் இல்லை, எடையும் குறைவு. சில ஆண்டுகளில் ராக்‌ஷாக்ஸ் கூட ரப்பருக்கு வந்தது. 1997-ல் இத்தாலியின் ‘மார்சோக்கி’, ‘பாம்பர் இசட்-1’ என்ற பெயரில் ரப்பரை ஒதுக்கிவிட்டு, எஃகுச் சுருள் ஸ்பிரிங்கை எண்ணெயில் முக்கிவைத்தது. சில ஆண்டுகளில் ரப்பர் யுகம் முடிந்தது.

ஆக, ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று வகை வயிறுகள்: காற்றும் எண்ணெயும், ரப்பர் அடுக்கு, சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெயும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். உள்ளே வைத்தியம் வேறு வேறு. காற்று வகையைக் காற்றிறக்காமல் திறந்தால் மூடி முகத்தில் பாயும். ரப்பர் வகையில் எண்ணெய் ஊற்றினால், அதைத் தேக்கிவைக்க அங்கே சீல் கிடையாது, அடிவழியாகச் சொட்டும். பெரிய கடையின் 1,800 ரூபாய் சர்வீஸில் நடந்தது இதுதான்.

அங்க அடையாளங்கள்

ஸ்டிக்கரை நம்பக் கூடாது. ஒன்றின் ஸ்டிக்கரை இன்னொன்றில் ஒட்டுகிறார்கள். புது ஸ்டிக்கர்கள் அச்சடித்தும் விற்கிறார்கள். நிறமும் சாட்சியாகாது, மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம். அளவுகளும் அமைப்பும்தான் உண்மை பேசும். தேவையான கருவிகள்: ஒரு வர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், ஒரு டார்ச்.

முதலில் இரண்டு கால்களின் தலையிலுள்ள மூடிகளைப் பாருங்கள். ராக்‌ஷாக்ஸின் ‘மேக்’ வரிசையில் காற்று அடைக்க மூடியில் சின்னத் துளை இருக்கும். கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைத்தான் அதில் செருக வேண்டும். ‘மேக்’ என்றது கீழ்க்கால்களின் மக்னீசிய உலோகத்தை. துளை இல்லாமல், கையால் திருகும் குமிழ் மட்டும் இருந்தால் உள்ளே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கிறது. குமிழ் அதை இறுக்கவும் தளர்த்தவும்.

அடுத்து உள்குழாயின் விட்டம். மெல்லிய குழாய் என்றால் பெரும்பாலும் ஆரம்ப வருடங்கள். காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். விலை குறைந்த மாடல்களில் எஃகையும் உயர்ந்தவற்றில் அலுமினியத்தையும் வைப்பது பொதுவான வழக்கம். பிறகு ஹாண்டில் பாருக்குள் ஏறும் தண்டு: 1 அங்குலமா, 1⅛ அங்குலமா, அபூர்வமான 1¼ அங்குலமா? தண்டில் மரை உண்டா, வழுவழுப்பா? மரையில்லாத தண்டு 1990-களில்தான் பரவியது. பிரேக்கையும் கவனிக்க வேண்டும். இரண்டு கால்களிலும் ரிம் பிரேக் பூட்டும் முளைகள் மட்டும் இருந்து, டிஸ்க் பிரேக்குக்கு இடமே இல்லையென்றால் பெரும்பாலும் 1990-களின் கடைசிக்கு முந்தைய சரக்கு. மேலே இரண்டு குழாய்களையும் கவ்வும் குறுக்குத் துண்டு போல்ட்டால் இறுக்கியதா, அழுத்திப் பொருத்தியதா என்பதும் ஒரு தடயம்.

எங்கள் சைக்கிளில் காற்றுத் துளை இல்லை. மேலே திருகு குமிழ்கள். காந்தம் உள்குழாயில் ஒட்டவில்லை. தண்டு 1⅛ அங்குலம், மரையில்லை. டிஸ்க்குக்கு இடமில்லை. குறுக்குத் துண்டு போல்ட் போட்டது. ஒரு காலின் அடிப்பாகம் மற்றதிலிருந்து வித்தியாசமாக இருந்தது. உள்ளே அதிர்வை அடக்கும் எண்ணெய்க் குப்பி இருக்கிறது என்று அர்த்தம். ஆர்வலர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய சர்வீஸ் கையேட்டுப் படங்களோடு ஒப்பிட்டதும் சந்தேகம் தீர்ந்தது. ராக்‌ஷாக்ஸின் ‘ஜூடி’. 1995-ல் வந்த வரிசை. 1990-களின் பிற்பகுதியில் மவுன்டன் பைக்காரர்கள் ஏங்கிய சாமான். மாமா பொய் சொல்லவில்லை.

பெயர் தெரிந்ததும் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது: இரண்டு கால்களிலும் ரப்பர் அடுக்கு, ஒரு காலில் கூடவே ஒரு எண்ணெய்க் குப்பி. ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை உடனே திருப்பியும் கொடுத்துவிடும். ஓட்டுகிறவனை எகிறச் செய்யும். அதைத் தடுக்கத்தான் குப்பி. உள்ளே ஒரு தண்டு எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். ஊஞ்சலைத் தண்ணீருக்குள் ஆட்டினால் எப்படி நிதானமாக வருமோ அப்படி. இன்று மலிவு விலையில் வரும் ‘ஷாக்’ வைத்த சைக்கிள்கள் பலவற்றில் ஸ்பிரிங் இருக்கிறது, இந்த அடக்கும் ஏற்பாடு கிடையாது. அவை துள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

திறந்து பார்த்தபோது

எங்கள் பேட்டையில் ஒரு மராத்தி மெக்கானிக் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் ‘காகா’. மரப் பெட்டியில் கருவிகளை வரிசையாக வைத்திருப்பார். “காகா, இதைத் திறக்கணும்” என்றேன். “திறக்கறது சுலபம். திறக்கிற வரிசையை எழுதிக்கிட்டே வா” என்று பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்.

சக்கரத்தையும் பிரேக் கேபிளையும் கழற்றும் முன் ஒரு சோதனை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு கையால் ஃபோர்க்கின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால், ஆட்டம் ஹாண்டில் பார் பேரிங்கிலா, ஃபோர்க் குழாய்க்குள் இருக்கும் புஷ்ஷிலா என்று தெரியும். புஷ் தேய்ந்திருந்தால் மேற்கொண்டு செலவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும். எங்களுக்கு நல்லகாலம், ஆட்டம் பேரிங்கில்தான்.

குமிழைத் தளர்த்தி மூடிகளைத் திருகியெடுத்ததும், அடுக்காக வர வேண்டிய ரப்பர் வரவில்லை. பெரிய கடையில் ஊற்றிய எண்ணெய் வந்தது. அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் அல்வா மாதிரி ஒரு பசை. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். காகா மூங்கில் குச்சியால் வழித்தெடுத்தார். இரும்புக் கம்பியை விடவில்லை. குழாயின் உள்சுவரில் கீறல் விழும் என்றார்.

அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளையும் முழுக்கக் கழற்றாமல் நாலைந்து சுற்று தளர்த்தி, தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே பிடித்திருந்தது விட்டுக்கொடுத்தது. பிறகு போல்ட்டை எடுத்துக் கீழ்க்கால்களை உருவினார். உள்குழாய்களைத் துடைத்து டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். குறுக்குத் துண்டு கவ்வும் இடத்தில்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் சர்வீஸ் பேச்சே வேண்டாம். அந்த ஃபோர்க் சுவரில் மாட்டி வைக்கத்தான் லாயக்கு. வெல்டிங் வைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கீழ்க்கால்களின் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மக்னீசியத்துக்கு உப்புக் காற்று ஆகாது. எங்கள் ஃபோர்க்கில் விரிசலும் இல்லை, பூத்தலும் இல்லை. புனே காற்று காப்பாற்றியிருக்கிறது.

எண்ணெய்க் குப்பியின் தண்டை அழுத்தி இழுத்துப் பார்த்தால் அதன் உடல்நிலை தெரியும். ஆரம்பத்திலிருந்து ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் நலம். கொஞ்ச தூரம் சும்மா போய்ப் பிறகு இறுகினால் எண்ணெய் குறைந்திருக்கிறது. எங்களுடையது கால்வாசி தூரம் சும்மா போயிற்று. இந்த வரிசையின் ஆரம்ப வருடக் குப்பிகள் பிளாஸ்டிக், ஒழுகுவதற்குப் பேர்போனவை. பிறகுதான் அலுமினியத்தில் வந்தன.

பசையான ரப்பர்

அல்வாவாகிப் போனது ‘மைக்ரோசெல்லுலர் யூரித்தேன்’. ரப்பர் என்று சொன்னாலும் இது பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் கண்டறிந்த குடும்பம். கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் நிறைந்தது. இதில் பலவகைகளைக் காற்றிலுள்ள ஈரம் மெதுவாக அறுக்கும். சங்கிலி போன்ற மூலக்கூறுகளைத் தண்ணீர் கண்ணி கண்ணியாக வெட்டிவிடும். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் இது நடக்கும். பல வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், வாசலிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அதே வியாதிதான். ‘பரணில் சும்மாதானே இருந்தது, புத்தம் புதுசு’ என்ற பேச்சு இந்த மாதிரி சாமானுக்குப் பொருந்தாது.

இங்கேதான் நம் ஊர்க் கைவேலைக்கு ஆசை வரும். காகாவின் பெட்டியில் ஸ்கூட்டர் என்ஜினைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கிடந்தன. “இதைச் சீவி அடுக்கினால் என்ன?” என்றேன். காகா ஒன்றைச் சீவி ஒரு குழாய்த் துண்டுக்குள் போட்டு, மேலே இரும்புக் கட்டையை வைத்து என்னை அழுத்தச் சொன்னார். கொஞ்சம் இறங்கியது. அப்புறம் கல்லாக நின்றது. கெட்டி ரப்பரின் கன அளவை அழுத்திக் குறைக்க முடியாது; மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். குழாய்க்குள் பிதுங்க இடமில்லை, அதனால் இறுகி நின்றுவிடும். யூரித்தேனில் குமிழ்கள் இருப்பதால் அவை ஒடுங்கி இடம் கொடுக்கும். காகா இதைப் புத்தகத்தில் படித்தவரில்லை. “நாற்பது வருஷத்துக்கு முன்னாலே இதையே நானும் செய்து பார்த்தேன், பையன் ஒருத்தன் பல்லை உடைச்சுக்கிட்டான்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குப்பி வேறு விதமாக முடிந்தது. அதன் ஓ-ரிங்குகளை வர்னியரால் அளந்து, நகரத்தில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் கேட்டோம். டப்பாவிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாமாக 40 ரூபாய். மெல்லிய ரக ஃபோர்க் ஆயில் மோட்டார் சைக்கிள் கடையில் கிடைத்தது. கொலராடோவிலிருந்து வந்த சீலுக்குப் புனேயில் ஜோடி இருந்தது. காரணம், ஓ-ரிங்கின் அளவுகள் உலகத்துக்கே பொதுவாக வகுக்கப்பட்டவை. ரப்பர் அடுக்கோ அந்த ஒரு ஃபோர்க் குடும்பத்துக்கென்று வார்த்தது. ராக்‌ஷாக்ஸ் 2002-ல் ‘ஸ்ராம்’ நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் அந்தப் பெயரில் நல்ல ஃபோர்க்குகள் வருகின்றன. ஆனால் 1990-களின் ரப்பர் அடுக்கை எந்த நிறுவனம்தான் இன்னும் வார்த்துக்கொண்டிருக்கும்? வெளிநாட்டில் சில சிறு பட்டறைகள் பழைய ஃபோர்க்குகளுக்காகச் செய்து விற்கின்றன. பையனின் மாமா அங்கே ஒன்றில் வாங்கி அனுப்பினார். குமிழின் விட்டத்தையும் அடுக்கின் நீளத்தையும் எழுதியனுப்பியது பேரன். வந்து சேர ஐந்து வாரம்.

“இவ்வளவு பாடு எதற்கு? புது ஃபோர்க் ஒன்று வாங்கிப் போடலாமே” என்று பெரியவர் ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் அடியில் பெருத்து மேலே சிறுத்த தண்டு கொண்டவை. பழைய சட்டத்தின் கழுத்தில் நுழையாது. சக்கர அளவு மாறிவிட்டது, அச்சு தடித்துவிட்டது, ரிம் பிரேக்குக்கு முளையே இல்லை. எப்படியோ பூட்டினாலும் இன்னொரு அபாயம் உண்டு. அந்தக் காலத்துச் சட்டம் 60 மி.மீ.-ஐ ஒட்டி இறங்கும் குட்டை ஃபோர்க்குக்காக வடிவமைத்தது. இப்போதைய 100, 120 மி.மீ. ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். சட்டத்தின் கழுத்தில் விழும் பாரமும் கூடும். அப்படிச் செய்து கழுத்து பிளந்த சைக்கிள்கள் உண்டு.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத் தளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று பட்டியல் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கையேடும் உதிரி பாகமும் விற்றவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும் என்ற நிலை இருக்கும் வரை, எந்தப் பாகம் பொது அளவில் செய்யப்பட்டதோ அதுதான் கடைசி வரை பிழைக்கும். சாமான் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம்.

ஓட்டலாமா?

ரப்பர் வந்த சனிக்கிழமை மறுபடி பூட்டினோம். புஷ்களில் யூரித்தேனுக்கும் சீலுக்கும் கெடுதல் செய்யாத கிரீஸ். இந்த ஃபோர்க்குக்காகவே அந்த நிறுவனம் ‘ஜூடி பட்டர்’ என்ற கிரீஸை விற்றது. வெண்ணெய்க்கு இவ்வளவு விலையா என்று அப்போதே கேட்டிருப்பார்கள். கீழ்க்கால்களை நேராக ஏற்றி, போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினார் காகா. “கை பலத்தைக் காட்டற இடம் இது இல்லை” என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னார். அலுமினிய மரை ஒரு தடவை போனால் போனதுதான்.

பிறகு உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டிக் கீழே தள்ளிவைத்து, பையனை மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கச் சொன்னோம். டேக் எவ்வளவு மேலே நகர்ந்ததோ, அவ்வளவுதான் அவன் எடைக்கு ஃபோர்க் அமுங்குகிறது. மொத்த தூரத்தில் கால் பாகத்தை ஒட்டி இருந்தால் சரி. குமிழை இரண்டு சுற்று தளர்த்தியதும் கணக்கு வந்தது. தெருவில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினான். ‘டொக்’ இல்லை. திரும்பி வந்தவன் முகத்தில் இருந்ததை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

பெரியவர் தன் கேள்வியை மறக்கவில்லை. “ஓட்டலாமா, சார்?”

ஓட்டலாம், ஆனால் எங்கே என்பதில்தான் விஷயம் என்றேன். சாலையில் ஓட்டலாம். மண் பாதையில் ஓட்டலாம். ஏரிக்கரைச் சுற்றுப் பாதையில் தாராளமாக. சின்ஹகட் சரிவில் நண்பர்களின் புது சைக்கிள்களோடு போட்டி போட்டுக் குதிக்கக் கூடாது. விரிசல் இல்லை என்றால் கண்ணுக்குத் தெரிகிற விரிசல் இல்லை என்றுதான் அர்த்தம். அலுமினியம் எஃகைப் போல வளைந்து முன்கூட்டிச் சொல்லாது. பல வருடம் வாங்கிய அடிகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்து ஒரு நாள் கணக்கைத் தீர்க்கும். இந்த ஃபோர்க் கொலராடோவில் எத்தனை தடவை விழுந்தது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவருக்கும் இப்போது ஞாபகமில்லை.

பையன் முகம் சுருங்கியது. “அப்போ எதுக்கு அங்கிள் இவ்வளவு வேலை?” என்றான்.

என்னிடம் பதில் தயாராக இல்லை. காகாதான் பேசினார். நோட்டுப் புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். ஆறு வாரத்தில் 11 பக்கம் எழுதியிருந்தான்: எந்தப் போல்ட்டை முதலில், எத்தனை சுற்று, குழாய் விட்டம், ஓ-ரிங் அளவு, ரப்பர் நீளம், படங்கள் வேறு. “பெரிய கடைக்காரனுக்கு இது தெரியாததனாலேதான் எண்ணெய் ஊத்தினான்” என்றார் மராத்தியில். “இப்போ இந்த ஊர்லே இதைத் திறக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஏரிக்கரைப் பாதைக்குத்தான் போனான். தாத்தா பின்னால் ஸ்கூட்டரில் போனதாகக் கேள்வி. மறுநாள் மாலை படிக்கட்டில் பார்த்தபோது, இரண்டு வருடம் கழித்து ரப்பரை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுமாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். தேதி குறித்து வைத்திருக்கிறானாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால் திறப்பதற்கு முன் அது என்ன என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததை ஒரு காகிதத்தில் எழுதி அந்தப் பொருளிலேயே கட்டி வையுங்கள். ஸ்டிக்கர் உரிந்துவிடும், நமக்கு ஞாபகமும் போய்விடும். அடுத்து திறக்கிறவருக்கு அந்தக் காகிதம் உதவும்.